ஒற்றைப்படைக் குறிகள்

மார்ச் 11, செவ்வாய்.

நேற்றைய பக்கத்தில் ஒரு சிறு பிழை. தொட்டியின் உயரம் 5.4 மீட்டர் என்று எழுதியிருக்கிறேன். சரியான அளவு 5.5. அடித்துத் திருத்திவிட்டேன். இதுபோன்ற பிழைகள் என்னிடம் அதிகம். அதனால்தான் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். சரிபார்த்த பிறகும் சந்தேகம் போகாது.

இன்று அக்கா சமையலறையில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பகலில் தகட்டுத் தொழிற்சாலையில் சோதனை உதவியாளராக இருக்கிறேன். மாலையில் இயந்திரவியல் வகுப்பு. தொழிற்சாலையின் புதிய கூடத்துக்காக மூன்று காற்றுத் தொட்டிகள் செய்தோம். மூன்று மில்லிமீட்டர் தகட்டை வளைத்து வெல்டிங் செய்த உயரமான உருளைகள். ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு பெரிய விசிறி. அது நொடிக்கு 24.6 முறை சுற்றும். தொட்டியின் இயல்பான அதிர்வும் அதே எண்ணில் இருந்துவிட்டால் தகடு விசிறியோடு சேர்ந்து ஆடும். ஆடி ஆடிக் கிழியும்.

உருளை பல விதமாக ஆடும். சுற்றளவில் இரண்டு அலை, மூன்று அலை, நான்கு அலை. இரண்டு அலைக்கு நொடிக்கு 85 என்று கணக்கு வந்தது. நான்கு அலைக்கு 24.6; மெல்லிய உருளையில் அலை கூடும்போது ஓர் அளவுவரை எண் இறங்கும். மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவரை எல்லோரும் ஸ்பானர் என்பார்கள்.

“ஏன்டா ஈவினிங் காலேஜ், ரெண்டு அலையே எண்பத்தஞ்சு. நாலுன்னா அதுக்கும் மேலதானே போகணும்? நோட்டைத் தலைகீழா புடிச்சியா?”

கூடமே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அத்தான் என் அக்காவின் கணவர். முதல் தொட்டியின் விசிறியை ஓட்டுபவர். நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். நான் படிப்பதற்காக அவர் தன் மேசையைக் காலிசெய்து கொடுத்திருந்தார். அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. என் கணக்கில் எனக்கே நம்பிக்கை இல்லாதபோது அவரை எப்படிக் குறை சொல்வது?

மறுநாள் சோதனை. முதல் தொட்டியைச் சுற்றிச் சாக்பீஸால் பதினாறு குறிகள் போட்டேன். முதல் குறியில் சுத்தியலால் தட்டி, அங்கேயே சென்சாரை ஒட்டி, தகடு எந்தெந்த எண்களில் ஆடுகிறது என்று திரையில் பார்க்க வேண்டும். நான்கு அலையாக ஆடும்போது ஒற்றைப்படைக் குறிகள் ஆடும். இரட்டைப்படைக் குறிகள் அசையாமல் நிற்கும்.

நான் சென்சாரை இரண்டாம் குறியில் ஒட்டினேன்.

24.6 திரையில் வரவில்லை. “பாத்தியா?” என்று ஸ்பானர் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

சரியான இடத்தில் ஒட்டியிருந்தால் வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்திருக்கும். உடனே சுத்தியல் சரியில்லை என்றிருப்பார். இல்லையென்றால் தகட்டைக் கனமாக மாற்றியிருப்பார்கள். என் கணக்கு சரியா என்பது கடைசிவரை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஓடுகிற தொட்டி பொய் சொல்லாது.

விசிறி ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் சாப்பிடும்போது அத்தான் சொன்னார்: “மச்சான், உன் தொட்டி பாட்டுப் பாடுதுடா. டம்ளர்ல தண்ணி தானா ஆடுது.”

“எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எப்ப நிக்குதுன்னு குறிச்சு வைங்க அத்தான்.”

“படிப்பு உனக்கு, வீட்டுப்பாடம் எனக்கா?” என்று அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். “சரிங்க இஞ்சினியர் சார்.”

நான்கு நாள் குறித்தார். நிமிடக் கணக்கோடு, அழகான கையெழுத்து. ஐந்தாம் நாள் பதினொன்றேகால் என்று எழுதிய வரி பாதியில் நிற்கிறது. தகடு அடி வளையத்திலிருந்து கிழிந்து அவர் நின்ற மேடைப் பக்கமாக விரிந்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். இரண்டு நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

வெல்டிங் குறை என்று விசாரணையில் எழுதினார்கள். விரிசல்களை அளக்கும் வேலை எனக்கு வந்தது. எட்டு விரிசல்கள். எட்டும் ஒற்றைப்படைக் குறிகளுக்கு நேர் கீழே. அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

இன்று அக்கா அவருடைய குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “சத்தம் கேக்குதுன்னு உன்கிட்டதானேடா சொன்னாரு? அங்க நிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?”

“தெரியலக்கா” என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியாமல் இல்லை. அவர் நகர்ந்துவிட்டால் நேரத்தைக் குறிக்க ஆள் கிடையாது.

அக்கா என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைக்கிறேன். அவள்மேல் தப்பில்லை. நானும்தான் சந்தேகப்படுகிறேன். வெல்டிங் உண்மையிலேயே மோசமாக இருந்து, விரிசல்கள் தற்செயலாக அந்த இடங்களில் விழுந்திருந்தால்? மாலை வகுப்பில் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: “ஒரு தடவை வந்தா அது தற்செயல். மூணு தடவை வந்தா எழுது.”

மற்ற இரண்டு தொட்டிகளையும் இப்போது புதிதாக, மிக நன்றாக வெல்டிங் செய்திருக்கிறார்கள். இரண்டாம் தொட்டிக்கு வந்திருக்கும் விசிறி ஓட்டுநர் பொறுமையானவர். அவருக்கு ஒரு சிறிய குறிப்புப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நாளை காலை எட்டு மணி, இரண்டாம் தொட்டி. சுத்தியல் முதல் குறியில். சென்சார் இரண்டாம் குறியில்.