பாதிச் சோறு

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் மேற்பார்வை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆவடியில் என்னை அறிந்தவர்கள் பலர். பிறர் பேச்சைக் காதில் வாங்கும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் பூந்தமல்லியில் ஏறிய பேருந்தில், முன் இருக்கைப் பேச்சைக் கேளாதிருக்க இயலவில்லை.

மகனின் கருமாதியை முடித்துத் திரும்பும் தாய், அவருடைய மூத்த நாத்தனார், ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் என மூவர் அங்கே அமர்ந்திருந்தனர். மகள் சோற்று டப்பாவைத் திறந்ததும் நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி துன்னா போதும்டி. புள்ள பெருத்துட்டா கத்திதான் வைப்பாங்க."

"கைய எடு அண்ணி," என்றார் தாய். "இதே பேச்ச சொல்லித்தான எனக்கும் பாதி சோறு போட்ட?"

"நல்லதுக்குத்தான் சொன்னேன். சுளுவா பெத்துக்கினியா இல்லியா?"

"பெத்துக்கினேன். பூனக்குட்டியாட்டம் பொறந்தான். நாப்பது வயசுக்குள்ள சக்கர, நெஞ்சு வலி. வவுத்துலயே பட்டினி கெடந்த புள்ளைங்களுக்கு இதெல்லாம் சீக்கிரமா வரும்னு டாக்டர் சொல்றாரு."

"அவன் தலையெழுத்துக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"அன்னிக்கு நீ குடுக்காத சோத்ததான் இன்னிக்கு பிண்டமா உருட்டி வச்சிட்டு வர்றோம்."

நாத்தனார் கையை எடுத்தார். தாய் டப்பாவை மகளின் மடியில் வைத்தார்.

"முழுசா துன்னு கண்ணு."

கரையான்சாவடியில் இறங்கும்போது, துக்கத்தில் தம்பி பெண்டாட்டி புத்தி பேதலித்துக் கத்துகிறாள் என்று நாத்தனார் நடத்துனரிடம் சொன்னார். அது உண்மையன்று. அந்த அம்மாள் தெளிவாகவே பேசினார். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை.