நிரை 41,207

கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடைக்குக் காலையில் வரும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது. இன்று கிடைத்தது. அதனால் இந்த விசாரணையில் சொல்ல வேண்டியதை ஒழுங்காக யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஷாமிலாவை விட்டுவிடுங்கள். முகத்துவாரம் தொடர்மாடியில் நான்காம் மாடி நடைபாதை விழுந்ததற்கு அவளுடைய கணக்குத்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய கணக்கில் பிழை இல்லை. அதில் கை வைத்தவன் நான்.

நான் பொறியியலாளர் அல்ல. கணிதம் படித்தவன். எங்கள் அலுவலகத்தில் ஷாமிலா ஒரு கட்டடத்தைக் கணினியில் அமைப்பாள். அது ஆறு இலட்சம் சமன்பாடுகளாக மாறும். அவற்றின் எண்களை நிரை நிரலாக அடுக்கினால் வரும் தாயம் என்ற அட்டவணையில் அநேகமாக எல்லாம் பூச்சியம். அப்படிப்பட்டதைத் தீர்க்கவென்றே மென்பொருள் நூலகங்கள் இருக்கின்றன. அவை இடையில் நின்றால் ஓடவைப்பது என் வேலை. பதினொரு வருடத்தில் நான் ஓடவைக்காமல் விட்டது ஒன்றும் இல்லை.

இந்தத் தொடர்மாடியின் கணக்கு நின்றது. நிரை 41,207இல் மூலைவிட்ட எண் பூச்சியம், தீர்க்க முடியாது என்று திரையில் வந்தது.

ஷாமிலா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“என்னண்ணா, என்ட பில்டிங்குக்கு வருத்தமோ?”

“லைப்ரரியில ஒரு சின்னப் பிரச்சினை.”

“வெள்ளிக்கிழமை குடுக்கோணும். ஸ்ரனிஸ்லாஸ் சேர் என்னைத் தின்னப்போறார்.”

“உன்னைத் திண்டா அவருக்குச் சமிக்காது. போய்ச் சாப்பிட்டுட்டு வா.”

அவள் போனதும் அந்த நிரை எந்த இடம் என்று தேடினேன். ஒவ்வொரு நிரையும் கட்டடத்தில் ஓர் இடம். இது நான்காம் மாடியில் நடைபாதை சுவரோடு சேரும் இடம். பூச்சியம் என்றால் அங்கே அதைத் தாங்க எதுவும் இல்லை என்று பொருள். பெரும்பாலும் கணினியில் ஏற்றும்போது ஒரு கோடு விடுபட்டிருக்கும். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஷாமிலா ஒன்றையும் விடவில்லை. மற்ற மாடிகளில் இருந்த தாங்கி நான்காம் மாடியில் இல்லை. குழாய்களுக்கு வழிவிட எடுத்திருந்தார்கள்.

பூச்சியத்தின் இடத்தில் ஒரு சிறிய எண்ணைப் போட்டேன். எங்கள் தொழிலில் செய்வதுதான். ஓடியது. நடைபாதை மூன்று மீற்றர் கீழே இறங்கும் என்றது. எண்ணை ஆயிரம் மடங்காக்கினேன். மூன்று மில்லிமீற்றர் என்றது.

அந்த எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. யாரோ ஒருவர் கீழே நின்று அந்த இடத்தைக் கையால் தாங்குகிறார்.

ஷாமிலா திரும்பி வந்து பார்த்தாள்.

“அண்ணா கை வச்சா ஓடாதது ஒண்டுமில்ல” என்றாள். நான் மறுக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் கையெழுத்து வைப்பவர் எங்கள் தலைமைப் பொறியியலாளர் ஸ்ரனிஸ்லாஸ். வரைபடத்தைப் பார்ப்பது அவர் பொறுப்பு. என்னிடம் கேட்கப்பட்டது ஓடுமா என்பது மட்டும்.

கட்டி முடிந்ததும் என் அக்கா பேர்ணடெற்றுக்கு அங்கே வீடு கிடைத்தது. நான்காம் மாடி. பால் காய்ச்சிய அன்று நானும் போனேன். நடைபாதையில் சுவர்ப்பக்கத்தை விட்டு, தெருப்பக்கமாக, தூண்களின் வரிசைக்கு மேலே நடந்தேன்.

நடைபாதை விழாமல் நின்றது. மேற்பூச்சும் குழாயும் கைப்பிடிக் கம்பியும் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கணக்கில் அவை வருவதில்லை. அங்கே ஒருவர் இருவர்தான் நடப்பார்கள். வருடத்தில் ஒரு மாலை மட்டும், திருவிழாவுக்கு மாதாவின் சுருவம் அந்தத் தெருவால் ஊர்வலமாக வரும்போது, எல்லா வீட்டாரும் நடைபாதையில் வந்து நிற்பார்கள்.

இந்த வருடம் அதற்கு முதல்நாள் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, நாளைக்குப் பிள்ளையளோட இங்க வாங்கோ. பாரை மீன் வாங்கியிருக்கிறன்.”

“உனக்கென்ன விசரோ? இந்த முறையாவது மாதாவைப் பாக்க விடடா.”

“பெரிய பாரை அக்கா.”

“மாதாவை விடப் பெரிசோ?”

ஆனாலும் வந்தாள். நடைபாதையில் போட்டிருந்த தன் கதிரையைப் பக்கத்து வீட்டு அன்னபாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பிள்ளைகள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. பத்தொன்பது பேர். அன்னபாக்கியமும்.

அக்கா இப்போது என்னோடு கதைப்பதில்லை. கடைசியாக அவள் கேட்டதையே நீங்களும் கேட்கிறீர்கள். விழும் என்று தெரிந்துதானே கூப்பிட்டாய் என்று.

இல்லை. போன வருடமும் அதே நாளில் அவளைக் கூப்பிட்டேன். அதற்கு முதல் வருடமும் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் அது விழவில்லை. பிறகு எனக்குத் தெரியும் என்று எப்படி எழுதுவீர்கள்?