தலைக்குன்னு சொன்ன பந்து

வேணாம் டாக்டரம்மா, மரத்துப்போற ஊசி வேணாம், அப்படியே தையுங்க. என்னது, பேசாம இருக்கணுமா? புருவத்தத்தான தைக்கிறீங்க, வாயையா? பேசலன்னாதாங்க வலிக்கும்.

பேஸ்பால் பாக்கவே மாட்டீங்களா? அட. மட்டைக்காரனுக்குப் பின்னாடி, மூஞ்சில கம்பிக்கூண்டு மாட்டிக்கிட்டு ஒருத்தன் குந்தியிருப்பான்ல, அது கேட்சர். அதுலயும் நான் மாத்து ஆளு. பிரெண்ட்னு பெரிய கேட்சர் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு முடியலன்னா நான். இல்லன்னா பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதைத் தோலத் துப்பிக்கிட்டிருப்பேன். இந்த வெரலா? அது பந்து பட்டு நொறுங்குனது. பக்கத்துல உள்ளது, ஒருத்தன் ஆணி வச்ச ஷூவோட ஏறி மிதிச்சது.

நேத்து பிரெண்ட் விழுந்துட்டான். எதிர் டீம்ல வெண்டல்னு ஒருத்தன் ரன்னுக்கு ஓடியாறான், இவன் குறுக்க நின்னான். எருமை மாதிரி வந்து மோதுனான் பாருங்க, பிரெண்டோட முட்டி பின்பக்கமா மடங்கிருச்சு. பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு அந்தச் சத்தம். இனிமே ஆடவே மாட்டானாம்.

அதான் இன்னிக்கு எனக்கு எடம். சந்தோஷமா? எங்கங்க. மேனேஜர் என் நெஞ்சுக் கவசத்தப் புடிச்சு இழுத்து, வெண்டல் மட்டையோட வந்தா பந்து தலைக்குடா, தோளுக்கு இல்ல, தலைக்குன்னாரு. எந்தப் பந்துன்னு தொடைக்கு நடுவுல வெரல்ல காட்டுறது நானு. அதத்தான் எங்க பந்து வீசுறவன், ட்ராவிஸ், வீசுவான். அவன் வேகத்துக்கு ஹெல்மெட்டெல்லாம் முட்டை ஓடு.

மோதுனதுல வெண்டலுக்கும் தோள்ல அடி. அதனால கடைசிலதான் இறக்குனாங்க. ஒரு ரன் முன்னால இருக்கோம், அவங்காளு ஒருத்தன் ஓடத் தயாரா நிக்கிறான். நான் ஒடம்ப விட்டு வெளிய, தாழ்வான்னு காட்டுனேன். ட்ராவிஸ் தலைய ஆட்டி மாட்டேன்னான். மறுபடி அதையே காட்டுனேன். மொறைச்சுக்கிட்டே வீசுனான். வெண்டல் சுத்துனான், பந்து வேலி தாண்டிப் போச்சு, அவங்களுக்கு ரெண்டு ரன். தோத்தோம்.

ஆ... இல்ல இல்ல, தையுங்க.

டிரஸ்ஸிங் ரூமுக்குள்ள போனதும் மேனேஜர் கதவச் சாத்திட்டு வெளிய நின்னுக்கிட்டாரு. ரெண்டு பேரு கையப் புடிச்சாங்க. என் கம்பிக்கூண்டையே எடுத்து ட்ராவிஸ் மூஞ்சில அடிச்சான். கீழ விழுந்தப்புறம் விலாவுல மிதி. நானும் சும்மா விடல, ஒருத்தன் மூக்க நெத்தியால முட்டி நசுக்கிட்டேன். அந்தச் சட்டைல இருக்கிற ரத்தம் பாதி அவனோடது. அப்புறம் மேனேஜர் உள்ள வந்தாரு, என் பையத் தூக்கி மேல போட்டாரு, நாளைக்கு வராதடான்னாரு. அவ்வளவுதான்.

போலீஸா? வேணாங்க. நல்லவனா நானு? சிரிப்பு காட்டாதீங்க, உதடு கிழியுது. வேற எவன் மட்டையோட நின்னிருந்தாலும் மறுபேச்சில்லாம தலைக்குத்தான் காட்டியிருப்பேன்.

முடிஞ்சுதா? வெளிய யாரோ கத்துறானே... நர்ஸக்கா என்ன சொல்றாங்க? எதிர் டீம் சட்டையா? தோள்ல கட்டா? அட, அவன்தான். வெண்டல். உள்ள விடுங்க, ஒண்ணும் பண்ண மாட்டான். எங்களுக்கு அம்மா ஒண்ணு, அப்பா வேற, அதான் பேரு வேற வேற. நான் படிக்கட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்க டாக்டரம்மா. தெரிஞ்சா மட்டையத் தூக்கிக்கிட்டு அந்த ரூமுக்கே போயிருவான்.