ஏழாம் வழி அம்புக்குறி

மழைக்காலத்தில் சைக்கிளில் மலையேறுகிறவர்கள் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. முழுக் காற்று அடித்திருந்தால் ஈரப்பாறையில் சக்கரம் நிற்காது. இது தெரியாமல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் பிச்சையா. தாராவியில் பதினாறு வருடமாக சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். உங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று பக்கத்துத் தோல்கடை ஜமால் பாய் சொன்னார். அதனால் ஸ்டேஷனில் மராத்தியில் திக்கித் திணறாமல் எழுதியே கொண்டுவந்துவிட்டேன், சார்.

என் கூட்டாளி வானமாமலைக்கும் எங்கள் ஊர்தான். அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ், டெக்னீசியன் வேலை. 1981 மழைக்காலத்தில்தான் இருவரும் சேர்ந்து மலைக்குப் போக ஆரம்பித்தோம். நான் இரண்டு பழைய வண்டிகளை எடுத்து மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றிப் போட்டேன். பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டி மலைக்கு ஏற்றபடி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாதரில் ரயில் லக்கேஜ் பெட்டியில் வண்டிகளை ஏற்றி, மலையடிவாரத்துக் கர்ஜத்தில் இறங்கி, மண்பாதையில் மிதிப்போம். ஒவ்வொரு பாதையும் ஓர் அருவியில் போய் முடியும். சிலவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. உச்சியிலிருந்து தண்ணீர் விழும்போது பத்தடி தூரத்தில் நிற்பவன் பேசுவது காதில் ஏறாது. தாராவியில் இருந்துவிட்டு அங்கே போய் நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஐந்து வருடத்தில் பன்னிரண்டு வழிகள் கண்டுபிடித்தேன். மூன்று நான்கை ஒரு புல்லறுக்கிற மலைச்சாதிக்காரர் காட்டினார். அவர் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. மற்றபடி எல்லாம் என் கண், என் கால். பாதை பிரியும் இடங்களில் பாறைமேல் வெள்ளை பெயிண்டால் அம்புக்குறி போடுவது என் வழக்கம். வானமாமலை என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வருவான். வழி என்று ஒன்று அவன் தலையில் ஏறியதே இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

போன வருடம் ஜூன் மாதம் ஜமால் பாய் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். செம்பூரில் ஒரு சைக்கிள் கிளப் போட்டது. ‘அருவிகளுக்குப் பன்னிரண்டு சைக்கிள் வழிகள்’ என்று இங்கிலீஷில் தலைப்பு. கீழே வானமாமலையின் பெயர். உள்ளே என் பன்னிரண்டு வழிகளும் வரிசையாக இருந்தன. என் அம்புக்குறிகள்கூட இருந்தன. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்ததை ஜமால் பாய் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். “சைக்கிள்களைப் பழுதுபார்த்துத் தந்த தாராவி மெக்கானிக் ஒருவருக்கு.”

மெக்கானிக் ஒருவர்.

அந்த வாரம் அவன் பட்டறைக்கு வந்தபோது கேட்டேன். “என்னலே இது?”

அவன் சிரித்தான். “எழுதுனது நாந்தானலே. நீ வழி காட்டுன, நான் எழுதுனேன். உம் பேரப் போட்டா கிளப்புல யாருக்குத் தெரியப் போவுது? கோவமா?”

“சேச்சே. எதுக்கு?” என்றேன்.

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கோபப்படுகிற ஆள் இல்லை நான். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

கிளப்காரர்கள் ஆகஸ்ட் முதல் ஞாயிறு முப்பது பேராக ஏழாம் வழியில் போவதாக இருந்தார்கள். அந்த முப்பது பேருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். “நாம ரெண்டு பேரும் ஒரு வாரம் முன்னாடி போயி வழியப் பாத்துட்டு வந்துருவோம்லே” என்று வானமாமலையிடம் நான்தான் சொன்னேன். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

ஏழாம் வழி ஒரு களாப்புதர் அருகே இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் போனால் அருவியின் காலடிக்கு இறங்கலாம். இடப்பக்கம் சரிவாக ஓடி, அருவி விழுகிற உச்சி விளிம்பில் போய் முடியும். அங்கே பாறை முழுக்கப் பாசி. மழையில் மேகம் இறங்கிவிட்டால் விளிம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நாங்கள் போவதற்கும் முந்தின ஞாயிறு நான் தனியாகப் போய், கம்பிப் பிரஷால் பழைய அம்புக்குறியைத் தேய்த்து அழித்துவிட்டு இடப்பக்கம் காட்டும்படி புதிதாக வரைந்தேன். வழியைக் கண்டுபிடித்தவனுக்கு அம்புக்குறி தேவையில்லை, சார். அதை மட்டும்தான் அவனுக்குப் புரியவைக்க நினைத்தேன்.

இருவரும் போன அன்று அவனை முன்னால் போகச் சொன்னேன். “புத்தகம் எழுதுனவன் நீ” என்றேன். அதற்கும் சிரித்தான். பிரிவுக்கு வந்ததும் காலை ஊன்றி நின்றான். பாறையைப் பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“எடப்பக்கமா? போன வருசம் வலப்பக்கம்லா போனோம்?”

“மண்ணு சரிஞ்சிருக்கும். அம்பு எப்படிக் காட்டுதோ அப்படிப் போ.”

“நீ போட்டதுதான?”

“நான் போட்டதுதான்.”

அது போதும் அவனுக்கு. மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

கீழேயிருந்து என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டான். அருவி இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அந்த ஊர் போலீஸ் பஞ்சநாமா அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னதைத்தான் எழுதினார்கள். கேட்டது. ஆனால் எனக்கு வேலை பாக்கி இருந்தது. பையில் பெயிண்ட் டப்பாவும் இரண்டு பிரஷும் கொண்டுபோயிருந்தேன். மேலே பாலித்தீனைப் பிடித்துக்கொண்டு இடப்பக்க அம்பைத் தேய்த்து அழித்து, ஈரத்தைத் துடைத்து, மறுபடி வலப்பக்கம் வரைந்தேன். காய்கிறவரை காத்திருந்தேன். அடுத்த வாரம் வருகிறவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். அப்புறம்தான் ஊருக்குள் போய் ஆள் கூப்பிட்டேன். அவர்கள் இறங்கிப் போனபோது உயிர் இல்லை. வெகுநேரம் ஆகியிருக்காது என்றார்கள்.

இதை நான் வெளியே சொல்லியிருக்கவே மாட்டேன். வண்டி நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பிரேக் பிடிக்காததால் வந்த விபத்து என்று கோப்பை மூடிவிட்டார்கள். போன வாரம் அவன் மனைவி செண்பகவல்லி பட்டறைக்கு வந்தாள். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணாச்சி, நீங்க அந்தப் பிரேக்க மட்டும் சரியாப் போட்டிருந்தீங்கன்னா இன்னைக்கி அவுக இருந்திருப்பாகல்லா.”

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பிரேக் கட்டைகளை மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் என் கையால் மாற்றினேன். நாலும் புதுசு. விளிம்புக்கு முன்னால் பாசியில் இரண்டு சக்கரமும் உருளாமல் இழுத்துக்கொண்டு போன தடம் நாலடி நீளத்துக்கு இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பிரேக் பிடித்திருக்கிறது, சார். நன்றாகவே பிடித்திருக்கிறது.

வானமாமலையைக் கொன்றது நான். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை நீங்கள்தான் செண்பகவல்லியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.