நெஞ்சில் ஒட்டிய பட்டை

— எண்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ஷில்லிங்.

— என்னம்மா இது? இந்த ஸ்கேன் பட்டை இலவசம்னுதானே சொன்னாங்க. நெஞ்சுல ஒட்டி அஞ்சு நாள் கழிச்சு பில் சொல்ற.

— பட்டைக்கு இல்ல, ஒகுட்டு பெரியவரே. கையை எறக்குங்க. பசை காஞ்சு ஓரம் தூக்கிட்டு நிக்குது. கொஞ்சம் தடவுறேன், குளிரும்.

— குளிருது, குளிருது. அப்போ யாரோட கடன் அது?

— என்னோடது. உங்களுக்கே ஞாபகம் வரும். முதல்ல இந்த போனைப் பாருங்க. இதான் உங்க நெஞ்சுக்குள்ள.

— என்னமோ சாம்பலா துடிக்குது.

— அதான் உங்க இதயம். வலையில இருந்து எடுத்துப் போட்ட மீன் படகுல கிடந்து வாயைப் பிளக்குமே, அது மாதிரி. சுத்திக் கறுப்பா நிக்கிறது தண்ணி.

— அதான் படுத்தா மூச்சு முட்டுது. அனுப்பும்மா இதை. கிசுமு டவுன்ல இருக்கிற டாக்டர் பார்த்தா ஆஸ்பத்திரிப் படகு வரும்னு என் மருமக சொன்னா.

— மருமக எங்க?

— சந்தைக்குப் போயிருக்கா, நெத்திலி வாங்க. வர நேரமாகும். ஏன், கட்டைவிரலைத் தூக்கிட்டே நிக்கிற? அழுத்தேன்.

— அவசரம் என்ன? நீங்க கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து இதைத்தானே சொன்னீங்க. "அவசரம் என்னம்மா, பணம் வரட்டும், பொணம் எங்க ஓடிரப் போகுது"ன்னு.

— நீ யாரு?

— அபோண்டி. ஒமோல்லோ பெண்டாட்டி.

— ஒமோல்லோன்னா இந்த ஏரிக்கரையில ஊருக்குப் பத்துப் பேர்.

— படகு இன்ஜின் தீப்பிடிச்சு வெந்து போனது ஒருத்தர்தான். உங்க ஆஸ்பத்திரியில கிடந்து செத்தாரு. நீங்க காசாளர். பில்லைக் கட்டினாத்தான் பொணம்னு சொன்னீங்க.

— ரூல்ஸ் அப்படிம்மா. ஆஸ்பத்திரி என்னோடதா? நான் சம்பளக்காரன்.

— வலையை வித்தேன். ஊர்ல வசூல் பண்ணி, பாதிப் பணத்தைத் துணியில முடிஞ்சு கொண்டு வந்தேன். நீங்க தொட்டுக்கூடப் பார்க்கல. பொணத்தை வெச்சிருக்கிற வாடகை தினமும் ஏறுதுன்னு சொல்லி மறுபடி பென்சிலை எடுத்தீங்க.

— ரூல்ஸ்...

— மிச்சத்தைத் தேத்திட்டு வர்றதுக்குள்ள பொணமே இல்ல. நகராட்சி லாரி எடுத்துட்டுப் போயி அநாதைக் குழியில போட்டுருச்சுன்னீங்க. நான் எதைப் புதைச்சேன் தெரியுமா?

— யாகோ காய்.

— ஆமா. ஏரியில காணாமப் போனவனோட உடம்புக்குப் பதிலா புதைப்பாங்களே, அந்தக் காயை. என் புருஷன் காணாமப் போகல, ஒகுட்டு. நீ பூட்டி வெச்சிருந்த. என் மாமியார் அந்தக் காய்க்குச் சட்டை போட்டு விட்டா. பொத்தானை மாட்டும்போது "ரொம்ப இளைச்சுட்டான்"னு சொன்னா. பக்கத்துல யாரோ சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல கிடக்கு.

— அம்மா, எனக்கு மூச்சு...

— தெரியுது. போன்லயே தெரியுதே. பட்டை மாட்ட ஆள் எடுத்தப்போ, எந்தப் பக்கம் போறன்னு கேட்டாங்க. இந்த வீட்டை நானே கேட்டு வாங்கினேன். அஞ்சு நாளா உன் நெஞ்சைத் தொட்டுத் தடவுறேன். என் முகம்கூட உனக்கு ஞாபகம் வரல.

— பாவம்தான் பண்ணேன். அழுத்தும்மா, உன் கையில என் உசுரு இருக்கு.

— அநாதைக் குழியில போய்த் தேடினேன். குழி தோண்டுறவன் சத்தியம் பண்ணான், உங்க ஆஸ்பத்திரியில இருந்து அந்த மாசம் லாரியே வரலன்னு. எங்க வெச்ச அவரை?

— அது முடிஞ்சு போன கதை.

— அப்போ இதுவும் முடியட்டும். போனை அணைச்சுடறேன்.

— இரு. இரு, சொல்றேன். ஆஸ்பத்திரி முதலாளி லாரியில ஏத்தச் சொன்னான். லாரிக்கு நான் காசு கேட்டப்போ, உன் சம்பளத்துல இருந்து குடுன்னுட்டான். நானும் ஏரிக்கரைக்காரன் அம்மா. ஒரு மீன்காரனைக் குப்பை மாதிரி... மனசு வரல. தள்ளுவண்டியில வெச்சு இங்க கொண்டு வந்துட்டேன்.

— இங்கன்னா?

— வேலிக்கு வெளியில. வாசல்கிட்ட கள்ளிச்செடி வளைஞ்சு நிக்குதே, அதுக்குக் கீழ. தலை ஏரியைப் பார்த்து. கல்லு அடுக்கி வெச்சேன். என் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. வேற்று ஆளை என் வாசல்ல புதைச்சேன்னு தெரிஞ்சா வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிருவாங்க.

— அந்தக் கல்லு மேலயா? அஞ்சு நாளா அதுமேலதான் என் சைக்கிளைச் சாத்தி வெக்கிறேன்.

— ஜன்னல் வழியா பார்த்துட்டுதான் இருந்தேன். சொல்ல வாய் வரல.

— பத்தொம்பது வருஷம் உன் வாய் எங்க போச்சு? நான் வந்து கூண்டுக்கு முன்னாடி மண்ணுல புரண்டேனே, அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— கணக்குல லாரின்னு எழுதிட்டேன். சொன்னா உன் பில்லு என் தலையில விழும். வேலை போயிரும். பயந்துட்டேன்.

— அந்த பில்லுக்கா.

— அந்த பில்லுக்குத்தான்.

— அப்போ அதைக் கணக்குல இருந்து அடிச்சு விடு. உன் வாயால. அன்னைக்கு அத்தனை பேர் நடுவுல சத்தமா வாசிச்சியே, அதே மாதிரி.

— ஒமோல்லோ, மீன்காரர்... எண்பத்து நாலாயிரத்து... அறுநூற்று ஐம்பது. அடிச்சாச்சு. ஒரு காசு பாக்கி இல்ல. பொணத்தை... பொணத்தை எடுத்துட்டுப் போகலாம்.

— எடுத்துட்டுப் போறேன். ஊர் ஆளுங்களோட நாளைக்கு வர்றேன்.

— போதுமா? இப்பவாவது அழுத்தும்மா. படகு வரட்டும்.

— அழுத்தறதுக்குப் பொத்தானே கிடையாது, பெரியவரே. ஒட்டின நிமிஷத்துல இருந்து இந்தப் பட்டை தானாவே படத்தை அனுப்பிட்டு இருக்கு. அஞ்சு நாளா கிசுமுல பார்த்துட்டுதான் இருக்காங்க. டாக்டர் காலையில கூப்பிட்டாரு. இனி எந்த மருந்தும் கேக்காது, படகுல ஏத்தினா வழியிலயே உசுரு போயிரும், வீட்டுலயே இருக்கட்டும்னாரு. பயப்படாதீங்க, உங்க பொணத்தை யாரும் பிடிச்சு வெக்க மாட்டாங்க.