முன்னாடி ஒரு லேடீஸ்

ஒக்காரு தம்பி, நிக்காத. முன்னாடி எட்டி எட்டிப் பாக்காத, அந்தப் பொண்ணு இனிமே வராது. பெருங்களத்தூர்ல ரிப்பேர்னு சொல்லி எல்லாரையும் எறக்கி வுட்டேனே, வண்டிக்கு ஒரு ரிப்பேரும் இல்ல. உன்கிட்ட பேசணும், அதான். மூணு மாசமா இதே கண்டக்டர் பொன்னுரங்கத்தாண்டதான டிக்கெட் வாங்குற, இன்னிக்கு இன்னா புதுசா பயம்?

டெய்லி தாம்பரத்துல ஏறி இன்னா பண்ணுவ நீ? பின்னாடி நின்னுகினு ரெண்டு வண்டலூர்னு காச நீட்டுவ. எனக்கு ஒண்ணு, முன்னாடி ஒரு லேடீஸ், பச்ச தாவணின்னு கை காட்டுவ. புருசன் பொண்டாட்டிக்கு அப்டித்தான வாங்குவான். நானும் கிழிச்சுக் குடுத்துட்டு முன்னாடி போவேன். அந்தப் பொண்ணு காச நீட்டும். உனக்கு வாங்கியாச்சும்மான்னுடுவேன். அவரு யாருன்னே தெரியாதுண்ணா, எனக்குத் தனியா குடுங்கன்னு ஒரு நாள் அழுவாத கொறையா கேட்டுச்சு. இன்னாம்மா, வூட்டுக்காரரோட சண்டையான்னு கேட்டேன். பஸ்ஸே சிரிச்சுது. நீயும் சிரிச்ச.

இல்லன்னு சொல்லாத. நான் பாத்தேன்.

அன்னிக்கு அதுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையோட பெரியம்மா, தபீதாளம்மா, அந்தக் கும்பல்ல ஒக்காந்துகினு இருந்துச்சு. மறுநாளே கல்யாணம் நின்னு போச்சு. பொண்ணு பேராவது தெரியுமா உனக்கு? ஞானசௌந்தரி. அது எவ்ளோ சொல்லியும் வூட்ல நம்பல. சும்மாவா ஒருத்தன் மூணு மாசம் டிக்கெட் எடுப்பான்னு கேட்டாங்களாம். போன வெள்ளிக்கெழம எதையோ குடிச்சுடுச்சு. ஞாயித்துக்கெழம பொதைச்சாச்சு. நான் ஓரமா நின்னுட்டு வந்தேன். மனசு ஆறல தம்பி. பாதி என் வாய் பண்ணின வேல அது.

வெளையாட்டுக்குப் பண்ணியா? சரி. நானும் வெளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

இன்னா, வண்டலூர் தாண்டிடுச்சா? ஆமா, தாண்டிடுச்சு. விசில் அடிச்சாலும் நிக்காது. டிரைவர் சீட்ல புது ஆளு கீறாரு பாரு, தேவானந்தம் அண்ணன். வேற ரூட்டு ஓட்டுறவரு. இன்னிக்கு ஒரு நாள் இந்த வண்டியக் குடுங்கன்னு கேட்டு வாங்கினாரு. அந்தப் பொண்ணோட அப்பா. பெத்த பொண்ண அவரும் நம்பலதான். நீ பண்ணினது, நான் பண்ணினது, ரெண்டையும் காலைல நான்தான் அவராண்ட சொன்னேன். கேட்டுட்டு, நம்ம ரெண்டு பேர மட்டும் வண்டில இருக்கச் சொன்னாரு.