அக்காவின் இரண்டு பென்ஷன்

காலையில் எழுந்ததும் ஐஸ் வாங்கப் போவது என் வழக்கம், ஐயா. தேவை முடிந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன். கால்கள் சும்மா இருக்க மறுக்கின்றன.

ரயில்வேயில் இருந்த அத்தான் இறந்த பிறகு அவருடைய பென்ஷன் என் அக்கா ஷைலாவுக்கு வந்தது. நெசவாலையில் அவள் உழைத்ததற்குச் சமூகப் பாதுகாப்புப் பணமும் உண்டு. இரண்டையும் சேர்த்து வாங்கலாமா என்று பயந்தாள். அலுவலகத்தில் விசாரித்து வந்தவன் நான். வாங்கலாம், மறுமணம் செய்யாதவரை என்றார்கள். அந்த இரண்டில்தான் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் அடுப்பு எரிந்தது. நான் மாதா கோயிலில் உபதேசியார். அதற்குச் சம்பளம் கிடையாது.

பக்கத்து வீட்டில் பொன்னுத்துரை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், சர்க்கரை நோயாளி. கரண்ட் நிற்காத நாளே இல்லாத ஊரில் அவருடைய இன்சுலின் கெடாமல் இருக்க, ஐஸ் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துக் காலையும் மாலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்ன உதவிகளால்தான் உலகம் நிற்கிறது.

“ஐஸ் வைக்கிறதுல ஒன்ன மிஞ்ச ஆளில்ல, மச்சான்,” என்பார். ஏன் மச்சான் என்று பிறகுதான் புரிந்தது.

அலுவலகத்தில் பதியாமல் வீட்டிலேயே நானும் ஷைலாவும் மோதிரம் மாற்றிக்கொள்வோம், பென்ஷன் நிற்காது என்றார் அவர். நான் மறுத்தேன். அரசாங்கத்தை ஏமாற்றுவது பாவம். பதியாமல் சேர்ந்து வாழ்வதும் பாவம்.

“சரி, பதிஞ்சிடுறோம். ரயில்வே பென்ஷன் போனா போகட்டும் தம்பி,” என்றாள் அக்கா. “ஒனக்கு அம்பது வயசுதான. பபேடான் கடைத்தெருவுல ஏதாச்சும் கடையில வேல பாரேன்.”

களைப்பில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரைச் சுற்றி ஓடும் சர்க்குலர் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து தண்டவாளம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வயதான காலத்தில் அக்கா அரைவயிறாகக் கிடப்பதை எந்தத் தம்பி பார்ப்பான்?

பகலில் அவருடைய இன்சுலின் குப்பிகளை எங்கள் தகரக் கூரைமேல் வெயிலில் வைத்தேன். மாலையில் ஐஸில் புதைத்துக் கொடுத்தேன்.

“ஜில்லுன்னு இருக்கு மச்சான்,” என்று கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு அவருக்குத் தாகம் அடங்கவில்லை. கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றார். அக்காவிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தேன். என் கையைப் பிடித்தபடியே போனார்.

கூரையில் நான் மறந்த ஒரு குப்பியை அக்கா பார்த்துவிட்டாள். அவள்தான் உங்களிடம் சொன்னாளாம். எனக்குக் கோபமில்லை. பொன்னுத்துரையைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

பென்ஷன் நாளில் மட்டும் என்னை விடுவீர்களா? அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, ஐயா.